ஹெலிகாப்டர் லைசென்ஸ் கையில் இருக்கிறது, அடுத்து என்ன பயிற்சி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெலிகாப்டர் லைசென்ஸ் வாங்கி முடித்தவர்களும், ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு அடுத்த கட்டத்துக்குப் போக நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். பைலட் ஆவது எப்படி என்பது இதில் இல்லை. இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் நடப்பு விதியை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

லைசென்ஸே வாங்கிவிட்டேன், இன்னும் எதற்குப் பயிற்சி?

லைசென்ஸ் வாங்கும்வரை நீங்கள் பறந்தது எப்படிப்பட்ட பறத்தல் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல வானிலை, பழகிய மைதானம், பெரும்பாலும் ஒரே வகைச் சிறிய மெஷின், சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே இன்ஸ்ட்ரக்டர். வேலைக்குப் போனதும் இதில் ஒன்றுகூட இருக்காது. அரசியல் கூட்டத்துக்கு அவசரமாகப் போகவேண்டியவர் பின்னால் உட்கார்ந்திருப்பார், இறங்கவேண்டிய இடம் நேற்றுதான் சுண்ணாம்பில் வட்டம் போட்ட பள்ளி மைதானமாக இருக்கும், மேகம் மலையை மூடிக்கொண்டிருக்கும். அந்த நாளுக்கான பயிற்சி லைசென்ஸுக்குள் இல்லை.

சட்டப்படியும் லைசென்ஸ் மட்டும் போதாது. 2023இல் இந்தியாவில் கமர்ஷியல் லைசென்ஸின் செல்லுபடிக் காலத்தை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக்கினார்கள். அதைக் கேட்டுவிட்டு, இனி பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். மெடிக்கல், டைப் ரேட்டிங் (ஒரு வகை மெஷினை ஓட்டுவதற்கான தகுதிப் பதிவு), குறிப்பிட்ட இடைவெளியில் வரும் திறன் சோதனைகள், சமீபத்தில் பறந்த கணக்கு இவை எல்லாம் உயிரோடு இருந்தால்தான் அந்த லைசென்ஸை வைத்து ஒரு பயணியை ஏற்ற முடியும்.

கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு கோர்ஸுக்குத்தான் வரும். எதை எடுக்கட்டும்?

வேலை தருபவர் குறிப்பிட்ட ஒரு டைப் ரேட்டிங்கை எழுத்தில் கேட்டிருந்தால் அதை எடுங்கள். அப்படி யாரும் கேட்கவில்லை என்றால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி. வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து மெஷினை நேராக வைத்திருக்கும் பயிற்சி.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஹெலிகாப்டர் விபத்துகளில் மீண்டும் மீண்டும் வரும் கதை இதுதான். நம் ஊரிலேயே பார்த்தோம். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் போன விமானப்படையின் எம்.ஐ-17வி5 குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 உயிர்கள் போயின. விசாரணைக் குழு இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை என்றது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போயிருக்கிறது, விமானிக்குத் திசையுணர்வு தப்பியிருக்கிறது, கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே மெஷின் நிலத்தில் மோதியிருக்கிறது. அனுபவம் குறைந்த குழு இல்லை அது.

2020 ஜனவரி 26இல் கலிஃபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் பயணித்த சிகோர்ஸ்கி எஸ்-76பி விழுந்து 9 பேர் இறந்ததும் இதே வகைதான். அந்த விமானியிடம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருந்தது, 8,000 மணிநேரத்துக்கு மேல் பறந்தவர். 4,000 அடிக்கு ஏறிக்கொண்டிருப்பதாக அவர் ரேடியோவில் சொன்ன நேரத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் திரும்பியபடி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறுகிறோம் என்றே அவர் உடல் அவரிடம் சொல்லியிருக்கிறது. உள்காது தரும் உணர்வு பொய்யாகும்போது கருவியை நம்புவது ஒரு பழக்கம், அந்தப் பழக்கம் லாக் புக்கில் ஒரு முத்திரை விழுந்துவிட்டதால் நிலைத்து நிற்பதில்லை. அடிக்கடி செய்தால்தான் நிற்கும்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பறத்தல் தெரியாத 20 பேரைச் சிறு விமானத்தில் செயற்கையாகப் பார்வையை மறைத்துப் பறக்கவிட்டார்கள். ஒருவர் விடாமல் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரி 178 விநாடி. அது கையை எடுத்தாலும் ஓரளவு தானே நேராகப் போகக்கூடிய இறக்கை விமானம். ஆட்டோபைலட் இல்லாத சிறிய ஹெலிகாப்டரில் சைக்ளிக்கை, அதாவது மெஷினின் சாய்வைக் கட்டுப்படுத்தும் குச்சியை, விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு எத்தனை மணிநேரம் வேண்டும்?

சர்வதேச அளவுகோல் இது: கேப்டனாக 50 மணிநேரம் வெளியூர்ப் பறத்தல், அதில் குறைந்தது 10 ஹெலிகாப்டரில், கூடவே 40 மணிநேரம் கருவிப் பறத்தல். அமெரிக்க விதியும் இதே எண்கள்தான், அந்த 40இல் குறைந்தது 15 தகுதியுள்ள இன்ஸ்ட்ரக்டரோடு இருக்கவேண்டும். ஒரு பகுதியை சிமுலேட்டரில் செய்துகொள்ளலாம், செலவு நன்றாகக் குறையும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சிக்கு ஓடும் சிறு ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் மேகத்துக்குள் போக அனுமதி பெற்றவை இல்லை. அதனால் வெயில் அடிக்கும் நாளில் தலையில் மறைப்பு மாட்டிக்கொண்டு முழுக் கோர்ஸும் முடிந்துவிடும், ஒரு மேகத்தைக்கூடத் தொடாமல் ரேட்டிங் கைக்கு வந்துவிடும். இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு, தெளிவான வானிலையிலிருந்து திடீரென்று பார்வை போகிற அந்த மாற்றத்தை சிமுலேட்டரில் பல தடவை செய்யுங்கள். முதல் பத்து விநாடிதான் ஆபத்து. மெஷினை மட்டமாக்கு, ஏறுவதற்கான சக்தியைக் கொடு, வேகத்தைப் பிடி, திசையை மாற்றவேண்டியிருந்தால் மெதுவாக மாற்று, அப்புறம் ரேடியோவில் பேசு. வரிசை இதுதான். பலரும் முதலில் ரேடியோவை அழுத்துகிறார்கள், அல்லது கீழே இறங்கித் தரையைத் தேடுகிறார்கள்.

அதைவிட முக்கியமாக, மேகத்துக்கு வெளியே இருக்கும்போதே திரும்பி வருவதையும் பயிற்சியில் சேர்க்கச் சொல்லுங்கள். வேகத்தை இவ்வளவுக்குக் கீழே குறைக்கவேண்டி வந்தால், உயரத்தை இதற்குக் கீழே விடவேண்டி வந்தால், விவாதமே இல்லாமல் திரும்புவேன் என்று எண்ணாக எழுதிவைத்துக்கொண்டு பறக்கச் சொல்லும் இன்ஸ்ட்ரக்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

டைப் ரேட்டிங் என்பது எல்லா மெஷினுக்கும் தனித்தனியா?

இந்தியாவில் ஆம், ஒவ்வொரு வகையும் லைசென்ஸில் ஏறவேண்டும். ஐரோப்பாவிலும் அப்படித்தான், அங்கே ஹெலிகாப்டர் டைப் ரேட்டிங் ஓராண்டுதான் செல்லும், பிறகு சோதனை கொடுத்துப் புதுப்பிக்கவேண்டும். முதல் தடவையாக இரட்டை இஞ்சின் மெஷினுக்குப் போகிறவர் கேப்டனாகக் குறைந்தது 70 மணிநேரம் ஹெலிகாப்டர் பறந்திருக்கவேண்டும் என்றும் அங்கே விதி உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் 12,500 பவுண்டு, அதாவது சுமார் 5,670 கிலோவுக்கு மேல் எடையுள்ள மெஷின்களுக்குத்தான் டைப் ரேட்டிங். அதனால் அங்கே பெல் 206 ஓட்டிய மணிநேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் லைசென்ஸில் அந்தப் பெயர் இருக்காது, அதற்கான காகித வேலையைத் தனியாகப் பார்க்கவேண்டியிருக்கும். ஒவ்வொரு பறத்தலையும் எந்த மாடல் என்று முழுப்பெயரோடு லாக் புக்கில் எழுதி, பயிற்சிச் சான்றிதழ்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த டைப் எடுப்பது என்ற கேள்விக்கு, நீங்கள் வேலை தேடும் கம்பெனிகளின் ஹாங்கரில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். சொந்தக் காசில் பெரிய இரட்டை இஞ்சின் ரேட்டிங்கை எடுத்துவிட்டு, அந்த மெஷினில் மணிநேரமே இல்லாமல் காத்திருப்பது வலிக்கும். கம்பெனிகள் மொத்த மணிநேரத்தையும் கேட்கின்றன, ரேட்டிங்கை மட்டும் பார்ப்பதில்லை.

ராபின்சன் கம்பெனியின் பிஸ்டன் ஹெலிகாப்டரில்தான் படித்தேன். டர்பைனுக்கு மாறும்போது என்ன வித்தியாசம்?

மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது ஸ்டார்ட். பிஸ்டன் இஞ்சினை ஸ்டார்ட் செய்வதில் தப்பு செய்தால் பெரும்பாலும் மறுபடி முயலலாம். டர்பைனில் வெப்பமானி எகிறுவதைக் கவனிக்காமல் விட்டால் சில விநாடிகளில் இஞ்சின் பாழாகும், செலவு நீங்கள் லைசென்ஸுக்குக் கட்டியதைவிட அதிகமாகவும் போகலாம். அதனால் நல்ல பள்ளிகளில் ஸ்டார்ட்டை நிறுத்துவதைத்தான் முதலில் பழக்குவார்கள்.

இரண்டாவது கால். ராபின்சன், பெல் இரண்டிலும் மேலிருந்து பார்த்தால் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும், கலெக்டிவ்வை (மெஷினை ஏற்றி இறக்கும் கைப்பிடி) ஏற்றினால் மூக்கை நேராக வைக்க இடது பெடல். ஏர்பஸ் எச்125 போன்ற பிரெஞ்சு வழி மெஷின்களில் வலஞ்சுழி, அங்கே வலது பெடல். நிதானமாக இருக்கும்போது இது பெரிய விஷயமே இல்லை. பதறும்போது கால் பழைய பக்கம் போகும்.

மூன்றாவது ரோட்டர் அமைப்பு. ராபின்சனின் ஆர்22, ஆர்44, அப்புறம் பெல் 206 எல்லாம் இரண்டு இறக்கையுள்ள ஊசலாடும் ரோட்டர். இவற்றில் மூக்கைச் சட்டென்று கீழே தள்ளி எடையற்ற நிலைக்குப் போனால் மெஷின் தானாக வலப்பக்கம் சாயும், நாம் இயல்பாக சைக்ளிக்கை இடப்பக்கம் தள்ளுவோம், ரோட்டரின் நடுப்பகுதி மாஸ்ட்டை (ரோட்டரைத் தாங்கும் தண்டு) இடிக்கும், அத்தோடு முடிந்தது. சைக்ளிக்கை மெதுவாகப் பின்னால் இழுத்து ரோட்டருக்கு முதலில் எடையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அப்புறம்தான் சாய்வைச் சரிசெய்வது. இதைப் பறந்து காட்டமாட்டார்கள், காட்டவும் கூடாது, தரையில் உட்கார்ந்து பேசித்தான் படிக்கவேண்டும். ஆர்22, ஆர்44 விபத்துகளுக்குப் பிறகு 1995இல் அமெரிக்காவில் இந்த இரண்டு மெஷினுக்கும் தனிப் பயிற்சி விதியே கொண்டுவந்தார்கள். ராபின்சன் கம்பெனியும் கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் விமானிகளுக்கான பாதுகாப்புக் கோர்ஸைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. ஆர்44 ஓட்டுவதே உங்கள் பிழைப்பு என்றால் அந்தக் கோர்ஸுக்குப் போவது வீண் செலவு இல்லை.

இஞ்சின் நின்றால் ரோட்டரின் சுழற்சியிலேயே இறங்கும் ஆட்டோரொட்டேஷன்தான் லைசென்ஸ் தேர்விலேயே செய்தோமே?

செய்தீர்கள், இன்ஸ்ட்ரக்டர் "மூன்று, இரண்டு, ஒன்று" என்று எண்ணிய பிறகு. இஞ்சின் எண்ணிவிட்டு நிற்காது. ஆர்22 போன்ற லேசான ரோட்டர் உள்ள மெஷினில் சக்தி போனதும் கலெக்டிவ்வைக் கீழே போட ஒரு விநாடி சொச்சம்தான் இருக்கிறது, அதற்குள் இறக்கவில்லை என்றால் ரோட்டரின் சுழற்சி மீட்கமுடியாத அளவுக்கு விழுந்துவிடும். திரும்பப் பழகும் கோர்ஸில் நீங்கள் கேட்கவேண்டியது இதுதான்: சொல்லாமல் கொடுக்கும் இஞ்சின் செயலிழப்பு, தாழ்வாகப் பறக்கும்போது, ஹோவரில் (ஒரே இடத்தில் மிதக்கும்போது), புறப்பட்ட உடனே, இறங்கும் இடம் பின்னால் இருக்கும்போது. பாதுகாப்பான உயரத்தில் இன்ஸ்ட்ரக்டர் முன்கூட்டித் திட்டமிட்டுத்தான் இதைச் செய்வார், உங்களுக்கு மட்டும்தான் நேரம் தெரியாது.

இன்னொன்று, சக்தியைத் திருப்பி எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவதா, தரைவரை போய் உண்மையாகவே உட்கார்த்துவதா என்று கேளுங்கள். தரைவரை செய்வதில் மெஷினுக்குச் சேதம் வரும் அபாயம் உண்டு, அதனால் பல பள்ளிகள் தவிர்க்கின்றன, அது நியாயமான முடிவுதான். ஆனால் கடைசி 10 அடியை ஒருமுறையாவது திறமையான இன்ஸ்ட்ரக்டரோடு செய்து பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

வோர்டெக்ஸ் ரிங்கிலிருந்து மீள்வதற்குப் புது முறை வந்திருக்கிறதாமே?

வுய்ஷார் முறையைச் சொல்கிறீர்கள். சுவிட்சர்லாந்து விமானி கிளாட் வுய்ஷார் பெயரில் அறியப்படுவது. ஹெலிகாப்டர் குறைந்த வேகத்தில், சக்தியோடு, செங்குத்தாக வேகமாக இறங்கும்போது தான் கீழே தள்ளிய காற்றிலேயே மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் கலெக்டிவ்வை ஏற்ற ஏற்ற இன்னும் வேகமாக விழும். பழைய முறையில் சைக்ளிக்கை முன்னால் தள்ளி, கலெக்டிவ்வைக் குறைத்து, வேகம் பிடித்து வெளியே வருவோம். உயரம் நிறையப் போகும். வுய்ஷார் முறையில் ஏறும் அளவுக்குச் சக்தி கொடுத்து, பெடலால் மூக்கை நேராகப் பிடித்து, டெயில் ரோட்டர் தள்ளும் பக்கமாகவே சைக்ளிக்கைச் சாய்ப்பது. ராபின்சனில் அது வலப்பக்கம், வலஞ்சுழி மெஷினில் இடப்பக்கம். பக்கவாட்டில் நழுவி நல்ல காற்றுக்குள் வந்துவிடலாம், உயரம் குறைவாகத்தான் போகும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால்தான் இரண்டு முறையும் நன்றாக வேலை செய்யும், ஆகவே எப்படி மாட்டிக்கொள்கிறோம் என்பதைப் படிப்பதில்தான் நேரம் செலவழிக்கவேண்டும். பின்காற்றோடு சின்ன இடத்தில் செங்குத்தாக இறங்குவதுதான் பெரும்பாலும் தொடக்கம்.

சிமுலேட்டரிலேயே எல்லாம் முடித்துவிடலாமா?

எல்லாம் முடியாது. ஆனால் சில விஷயங்களை சிமுலேட்டரில் மட்டும்தான் செய்யமுடியும். டெயில் ரோட்டர் செயலிழப்பை நிஜ மெஷினில் யார் கொடுப்பார்கள்? பறக்கும்போது தீ, கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தம் போவது, இரவில் கடலுக்கு மேல் இஞ்சின் போவது, இவை எல்லாம் அங்கேதான்.

2009 செப்டம்பர் 2இல் ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி இறந்த பெல் 430 விபத்தின் விசாரணையைப் படித்தால் இது புரியும். மோசமான வானிலைக்குள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் விமானிகள் இருவரும் கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்த எச்சரிக்கைக்கான வழிமுறையைக் கையேட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள், பல நிமிடங்கள் அதில் போயின. ஒருவர் பறக்கவேண்டும், ஒருவர் படிக்கவேண்டும், எந்த எச்சரிக்கை காத்திருக்கலாம் எது காத்திருக்காது என்பதை இருவரும் ஒரே மாதிரி புரிந்திருக்கவேண்டும். இந்த ஒத்திசைவை சிமுலேட்டரில்தான் பழக்கமுடியும், அதுவும் நீங்கள் நிஜமாகக் கூடப் பறக்கும் ஆளோடு போனால் பலன் இரட்டிப்பு.

பெங்களூரில் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்.லும் கனடாவின் சிமுலேட்டர் நிறுவனமான சி.ஏ.இ.யும் சேர்ந்து நடத்தும் ஹாட்சாஃப் மையத்தில் பெல் 412, துருவ், டாஃபின் போன்ற மெஷின்களுக்கு முழு அசைவு சிமுலேட்டர் பயிற்சி நடந்திருக்கிறது. ஒரே தளத்தில் காக்பிட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பொருத்தும் அமைப்பு. சிறு மெஷின்களுக்கு இப்படி வசதி குறைவாகத்தான் இருந்தது. 2021இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, தலையில் மாட்டும் வி.ஆர். கருவியில் ஓடும் ஆர்22 சிமுலேட்டருக்கு முதல் தடவையாக ஒப்புதல் கொடுத்தது. அங்கே செய்யும் மணிநேரம் உங்கள் நாட்டு லைசென்ஸ் கணக்கில் சேருமா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பயிற்சி காப்பாற்ற முடியாத விபத்துகளும் உண்டு. 2018இல் லெஸ்டர் கால்பந்து மைதானத்திலிருந்து புறப்பட்ட ஏ.டபிள்யூ.169இன் டெயில் ரோட்டர் கட்டுப்பாடு பேரிங் இறுகியதால் போனது, அந்த உயரத்தில் விமானி செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. அந்தக் குறையை சிமுலேட்டரால் தீர்க்கமுடியாது, மெஷினைச் செய்பவர்தான் தீர்க்கவேண்டும்.

கேதார்நாத், அமர்நாத் சீசனில் வேலை கிடைக்கிறதாம். மலைப் பறத்தல் கோர்ஸ் அவசியமா?

கட்டாயம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேதார்நாத் கோயில் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அடியில் 11,700க்கு மேல். நிலையான வளிமண்டலக் கணக்குப்படி அங்கே மைனஸ் 8 டிகிரி இருக்கவேண்டும். சீசனில் ஒரு பகல் 15 டிகிரி அடித்தால், டிகிரிக்கு 120 அடி என்ற வழக்கமான கணக்கில், மெஷினுக்கு அது சுமார் 14,500 அடி மாதிரி. சமவெளியில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஹோவர் செய்த மெஷின் அங்கே தரையை விட்டு விலகி ஹோவர் செய்ய முடியுமா என்பதைக் கையேட்டு வரைபடத்தில் பார்க்காமல் கிளம்பக்கூடாது. நல்ல மலைக் கோர்ஸில் பாதி நேரம் இந்தக் கணக்குதான். மீதி, காற்றைப் படிப்பது: எந்தச் சரிவில் காற்று ஏறும், எதில் இறங்கும், பள்ளத்தாக்கில் எந்தப் பக்கத்தை ஒட்டிப் போனால் திரும்ப இடம் இருக்கும், இறங்க வரும்போதே வெளியேறும் வழியை எப்படி வைத்துக்கொள்வது.

2005 மே மாதம் டிடியே டெல்சால் ஏ.எஸ்.350 பி3 மெஷினை எவரெஸ்ட் உச்சியிலேயே இறக்கிக் காட்டினார். அது சோதனை விமானி, எடை குறைத்த மெஷின், தேர்ந்தெடுத்த நாள். பயணி ஏற்றும் வேலையில் அந்த மூன்றும் கிடையாது. கேதார்நாத் பாதையில் 2022 அக்டோபர் 18இலும் 2025 ஜூன் 15இலும் விழுந்த இரண்டு ஹெலிகாப்டரிலும் ஏழு ஏழு பேர் இறந்தார்கள், இரண்டு நாளும் பார்வைத்தூரம் மோசமாக இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை நடை என்ற அழுத்தம் அங்கே இருக்கிறது. வேலையில் சேரும்முன், வானிலை சரியில்லை என்று பறக்க மறுத்த விமானியை அந்தக் கம்பெனி எப்படி நடத்தியது என்று அங்கே வேலை பார்த்தவர்களிடம் விசாரியுங்கள்.

ஆஃப்ஷோர் வேலைக்கு?

மும்பையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மும்பை ஹை எண்ணெய்த் தளங்களுக்குப் போகும் வேலை இது. இரட்டை இஞ்சின், இரண்டு விமானி, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், கூடவே தண்ணீருக்கடியில் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியே வரும் பயிற்சி. இதைத் துறையில் ஹியூவெட் என்பார்கள்.

இஞ்சினும் கியர்பாக்ஸும் தலைக்கு மேல் இருப்பதால் தண்ணீரில் இறங்கிய ஹெலிகாப்டர் கவிழத்தான் பார்க்கும். மிதவைகள் விரிந்தாலும் அலை பெரிதென்றால் கவிழலாம். 2022 ஜூனில் சாகர் கிரண் ரிக் அருகே கடலில் இறங்கிய எஸ்-76டியில் இருந்த 9 பேரில் 4 பேரைக் காப்பாற்றமுடியவில்லை. பயிற்சியில் குளத்தில் ஒரு கூண்டுக்குள் பெல்ட் போட்டு உட்காரவைத்து, மூழ்கடித்து, தலைகீழாகத் திருப்புவார்கள். ஒரு கையால் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும், சுற்றுவது நிற்கும்வரை காத்திருக்கவேண்டும், ஜன்னலைத் தள்ளவேண்டும், பெல்ட்டைக் கடைசியாகத்தான் கழற்றவேண்டும். பெல்ட்டை முதலில் கழற்றியவர் தண்ணீருக்குள் எது மேலே எது கீழே என்று தெரியாமல் தவிப்பதை அங்கே பார்க்கலாம். நீச்சல் தெரியாதவர்கள் முதலில் நீச்சல் கற்றுக்கொண்டு போவது நல்லது, அந்தப் பயம் போனால்தான் பாடம் மனதில் ஏறும்.

லாங்லைன், நைட் விஷன் எல்லாம்?

லாங்லைன் என்பது நீண்ட கயிற்றின் நுனியில் சுமையைத் தொங்கவிட்டு, கதவுப் பக்கம் குனிந்து கீழே பார்த்தபடியே பறப்பது. இந்தியாவில் வேலை வாய்ப்பு குறைவு. கனடா, அமெரிக்கா, நியூசிலாந்தில் அதுவே பெரிய தொழில். வேலைக்கான வழி தெரியாமல் இதற்குப் பணம் போடவேண்டாம்.

நைட் விஷன் கண்ணாடி ஆம்புலன்ஸ் வேலைக்கும் மீட்புப் பணிக்கும் பயன்படும். பார்வை வட்டம் சுமார் 40 டிகிரிக்குச் சுருங்கிவிடும், தூரத்தை மதிப்பிடுவது கடினம், அதனால் தலையை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்கும் பழக்கம் வேண்டும். அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்கு 2017இலிருந்து இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் கட்டாயம். மேலே முதல் கோர்ஸாக அதை நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்ஸ்ட்ரக்டர் ஆகி மணிநேரம் சேர்க்கலாமா?

அமெரிக்காவில் புது விமானிகளின் வழக்கமான வழி அதுதான். இன்ஸ்ட்ரக்டராகி 1,000 மணிநேரம் சேர்த்து, அப்புறம் கிராண்ட் கேன்யன் சுற்றுலா மாதிரி வேலைக்குப் போவார்கள். ஆர்22இல் சொல்லிக்கொடுக்க ஹெலிகாப்டரில் 200 மணிநேரமும் அதில் 50 ஆர்22இலும் இருக்கவேண்டும், ஆகவே மணிநேரத்தை எந்த மெஷினில் செலவழிக்கிறோம் என்று ஆரம்பத்திலேயே யோசிக்கவேண்டும். மாணவர் விசாவில் போகும் நம் ஆட்களுக்கு அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யும் உரிமை விசா வகையைப் பொறுத்தது. பள்ளியின் விளம்பரத்தை நம்பாமல் விசா விதியைப் படியுங்கள். முதல் லைசென்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் போன்றவற்றுக்கு வெளிநாட்டவர் அங்கே போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.வின் பாதுகாப்புச் சோதனையும் கைரேகையும் முடித்த பிறகே பறக்கத் தொடங்கமுடியும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

சொல்லிக்கொடுப்பது உங்களையும் நல்ல விமானி ஆக்கும். மணிநேரத்துக்காக மட்டும் இன்ஸ்ட்ரக்டர் ஆகிறவர் கையில் மாட்டும் மாணவர் பாவம்.

ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவன் நான். எனக்கும் இதெல்லாம் வேண்டுமா?

அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் இருக்கும் கடற்படை ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியிலிருந்தோ விமானப்படையிலிருந்தோ வருபவர்களின் கைத்திறனுக்குக் குறைவே இல்லை. டி.ஜி.சி.ஏ. தேர்வுகள், சிவில் டைப் ரேட்டிங் எல்லாம் எப்படியும் இருக்கும். கூடுதலாகப் பழகவேண்டியது சிவில் உலகத்தின் முடிவெடுக்கும் முறை. அங்கே உங்களுக்குப் பின்னால் வானிலை அறையும் கட்டளை அதிகாரியும் இருந்தார்கள். இங்கே காலை 6 மணிக்கு ஒரு வயல்வெளியில், போனில் வானிலைப் படத்தைப் பார்த்து, தனியாக "இன்று போகவில்லை" என்று சொல்லவேண்டியிருக்கும்.

பயிற்சி மையத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நேரில் போய் ஒரு முழு நாள் உட்காருங்கள். மெஷின் எத்தனை தடவை பறக்கிறது, எத்தனை பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எத்தனை மெஷின் ஓவர்ஹாலுக்கு (முழுதாகப் பிரித்துச் சீரமைப்பது) அருகில் இருக்கிறது என்று கேளுங்கள். ஆர்22, ஆர்44 இரண்டுக்கும் 2,200 மணிநேரம் அல்லது 12 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அதுதான் வரம்பு. உங்கள் கோர்ஸ் நடுவில் அது வந்தால் மாதக்கணக்கில் காத்திருப்பீர்கள்.

சொல்லிக்கொடுக்கப் போகிறவரின் பெயரைக் கேட்டு, அவர் அந்த வேலையைத் தானே செய்தவரா என்று பாருங்கள். மலையில் வேலை பார்க்காதவரிடம் மலைக் கோர்ஸ் படிப்பதில் அர்த்தம் இல்லை. கட்டணத்தில் எரிபொருள், இன்ஸ்ட்ரக்டர், இறங்கு கட்டணம், செக் ரைடு, தேர்வாளர் செலவு எது சேர்ந்தது எது சேரவில்லை என்று எழுதி வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள், தள்ளுபடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. பகுதி பகுதியாகக் கட்ட ஒப்புக்கொள்ளாத இடத்தை நான் தவிர்ப்பேன்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மறுபயிற்சி எடுக்கவேண்டும்?

சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அமெரிக்காவில் 24 மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் தரையில், ஒரு மணிநேரம் பறந்து மறுஆய்வு. பயணி ஏற்ற 90 நாளில் மூன்று தடவை ஏறி இறங்கியிருக்கவேண்டும். கருவிப் பறத்தலுக்கு 6 மாதத்தில் 6 அப்ரோச் (கருவிகளைப் பார்த்து இறங்க வருவது). வேலையில் இருப்பவர்களுக்குக் கம்பெனியே சோதனைகளை வைத்துவிடும். சொந்தமாகவோ எப்போதாவதோ பறப்பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்ட்ரக்டரோடு போய் ஆட்டோரொட்டேஷனும் கருவிப் பறத்தலும் செய்யவேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு வருடமாகப் பறக்கவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் மெடிக்கல். அது கிடைக்குமா என்று தெரியாமல் வேறு எதற்கும் பணம் போடாதீர்கள். அடுத்து, நீங்கள் கடைசியாக ஓட்டிய மெஷினின் கையேட்டை எடுத்து அவசரநிலைப் பகுதியை மனப்பாடமாகச் சொல்லமுடிகிறதா என்று வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சிமுலேட்டரில் சில மணிநேரம், அதன்பின் அதே பழைய மெஷினில் இன்ஸ்ட்ரக்டரோடு. திரும்பி வரும் ஆர்வத்தில் புது டைப்பையும் சேர்த்து எடுக்கப் பார்க்கிறார்கள், வேண்டாம். பழகிய மெஷினில் கையும் காலும் திரும்பட்டும். ஹோவர் ஒரே நாளில் திரும்பிவிடும், அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரேடியோ, வானிலை படிப்பது, எரிபொருள் கணக்கு, திரும்பலாமா என்ற முடிவு, இவை மெதுவாகத்தான் வரும். எப்போது தனியாக விடலாம் என்பதை இன்ஸ்ட்ரக்டர் சொல்லட்டும், தேதியை நீங்கள் முன்கூட்டி வைக்காதீர்கள்.